ஒரு கட்டை, அஞ்சரைக் கட்டை

ஒரே இயர்போனை ரெண்டு பேர் பங்கு போட்டுப் பாட்டு கேட்டிருக்கீங்களா மக்களே? காலேஜ் பஸ்ஸோட கடைசி சீட்டுல எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம். அதுல ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீரியோ பாட்டா இருந்தா ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும். பீட்டில்ஸோட 'ரப்பர் சோல்' (1965) ஆல்பத்தோட பழைய ஸ்டீரியோ பதிப்பை இப்படிக் கேட்டுப் பாருங்க. நிறைய பாட்டுல ஒருத்தர் காதுல பாடுறவங்க, இன்னொருத்தர் காதுல வாத்தியக்காரங்க. இறங்கும்போது ரெண்டு பேரும் வேற வேற பாட்டு கேட்டுட்டு இறங்குவீங்க.

போன மாசம் ஒரு சனிக்கிழமை நியூயார்க்ல 7-ஆம் நம்பர் ரயில்ல நானும் தங்கமணியும் இப்படித்தான் போய்க்கிட்டிருந்தோம். என்னோட வயரில்லா ஹெட்செட் சார்ஜ் போயி செத்துருச்சு. அவ கைப்பையில எப்பவும் ஒரு பழைய வயர் இயர்போன் கிடக்கும். இடது அவளுக்கு, வலது எனக்கு. ஓடினது எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடின 'எல்லா அண்ட் லூயி'. 1956-ல வந்த மோனோ ரெக்கார்டு. ரெண்டு காதுக்கும் ஒரே பங்கு, யாருக்கும் நஷ்டமில்லை.

டிஸ்கி: எனக்கு ஜாஸ் பத்திப் பெரிசா ஒண்ணும் தெரியாது. சங்கீதம்னாலே கேள்வி ஞானம்தான். தங்கமணி பத்து வருசம் முறையா பாட்டு கத்துக்கிட்டவ. அதனால கீழே இருக்கிறதுல விஷயம் இருந்தா அது அவளோடது, தப்பு இருந்தா என்னோடது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். இன்ஜினியரிங் ரெண்டாவது வருசம். பக்கத்து ரூம் பையன்கிட்ட படம் காப்பி பண்ண ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். அதுல 'இதர'ன்னு ஒரு ஃபோல்டர். இந்த மாதிரி ஃபோல்டர்ல என்ன இருக்கும்னு நினைச்சுத் திறந்தேனோ அது இல்லை (ஹி ஹி). பதினொரு பாட்டு இருந்துச்சு. முதல் பாட்டை ஓட விட்டேன். ஒரு பொம்பளைக் குரல், இஸ்திரி போட்ட காட்டன் சேலை மாதிரி ஒரு சுருக்கம் இல்லாம வந்துச்சு. ரெண்டு நிமிசம் கழிச்சு ஒரு ஆம்பளைக் குரல் உள்ள வந்துச்சு பாருங்க, லாரியிலேர்ந்து சரளைக்கல்லு கொட்டுற மாதிரி! யாரோ சளி பிடிச்ச தாத்தா வழி தவறி ஸ்டுடியோவுக்குள்ள வந்துட்டார்னுதான் நினைச்சேன். சிரிச்சுட்டேன். சிரிச்சுக்கிட்டே ரெண்டாவது தடவை போட்டேன். விடியக்காலை நாலு மணி வரைக்கும் போட்டேன். மறுநாள் இன்டர்னல் டெஸ்ட்ல என்ன எழுதினேன்னு கேட்காதீங்க.

இந்த ஆல்பம் உருவான விதம் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான். 1956 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ராத்திரி ரெண்டு பேரும் ஹாலிவுட் பௌல்ங்கிற திறந்தவெளி அரங்குல கச்சேரி பண்றாங்க. அடுத்த நாள் ஸ்டுடியோவுக்கு வந்து ஒரே நாள்ல பதினொரு பாட்டையும் பாடி முடிக்கிறாங்க. பியானோ ஆஸ்கர் பீட்டர்சன், கிடார் ஹெர்ப் எல்லிஸ், டபுள் பாஸ் ரே பிரவுன், டிரம்ஸ் படி ரிச். பெரிய ஆர்கெஸ்ட்ரா, வயலின் கூட்டம் எதுவும் கிடையாது. நாலு பேரும், நடுநடுவுல லூயியோட ட்ரம்பெட்டும் மட்டும்தான். நாங்க ஒரு பட்டனோட நிறத்தை மாத்த மூணு மீட்டிங் போடுவோம், அது வேற கதை.

அந்த பாஸ் வாசிச்ச ரே பிரவுனைக் கொஞ்சம் கவனிங்க. அவர் எல்லாவோட முன்னாள் கணவர். 1947-ல கல்யாணம், 1953-ல விவாகரத்து. மூணு வருசம் கழிச்சு இந்தம்மா இன்னொருத்தரோட காதல் டூயட் பாட, பின்னாடி அவர் நின்னுக்கிட்டுத் தாளம் தப்பாம பிடிச்சுக் கொடுக்கிறார். இதைப் படிச்சதுக்கு அப்புறம் எனக்கு அந்தப் பாட்டுகள்ல பாஸ் மட்டும் தனியாக் கேட்க ஆரம்பிச்சிருச்சு. எவ்வளவு நிதானமா நடக்குது தெரியுமா அந்த பாஸ். ஒரு இடத்துலயும் முந்தாது, ஒரு இடத்துலயும் தடுக்காது.

அட்டைப்படத்தையும் பார்த்துருங்க. நம்ம கல்யாண மண்டபத்துல போடுற மாதிரி மடக்கு நாற்காலி ரெண்டு. பக்கத்து பக்கத்துல ரெண்டு பேர். அவருக்கு அரைக்கைச் சட்டை, கணுக்கால்ல சுருட்டி விட்ட சாக்ஸ். கோட்டு சூட்டு இல்லை, நட்சத்திரப் பளபளப்பு இல்லை. கீரை வாங்க வந்த இடத்துல பொதுப் பேச்சு பேசிக்கிட்டிருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருப்பாங்க. இவருக்கு அப்ப 55 வயசு, அந்தம்மாவுக்கு 39.

காதல் ஜோடின்னு பார்த்தா எந்த விதத்துலயும் பொருத்தம் கிடையாது. அந்த ஆல்பத்துல நாலு பாட்டு ஃப்ரெட் அஸ்டேர் படங்களுக்காக எழுதினது. 'சீக் டு சீக்' 1935-ல வந்த 'டாப் ஹாட்' படத்துப் பாட்டு, எழுதினவர் இர்விங் பெர்லின். படத்துல அஸ்டேர் கோட்டு வாலு பறக்க, ஜிஞ்சர் ரோஜர்ஸ் இறகு வெச்ச கவுன் போட்டு, பளிங்குத் தரையில சுத்திச் சுத்தி ஆடுவாங்க. அந்தக் கால ஹாலிவுட்ல இந்தக் கறுப்பின ஜோடிக்கு அப்படி ஒரு வேஷம் யாரும் கொடுத்திருக்க மாட்டாங்க. எல்லாவுக்கு 1942-ல ஒரு காமெடிப் படத்துல கிடைச்சது வேலைக்காரி வேஷம். ஆனா இன்னிக்கு 'சீக் டு சீக்'னு சொன்னா எனக்கு அஸ்டேர் ஞாபகத்துக்கு வர்றதில்லை. முதல்ல லூயி தொண்டையைச் செருமிக்கிட்டு நடந்து வர்றதும், அப்புறம் எல்லா பக்கத்துல வந்து சேர்ந்துக்கிறதும்தான் வருது. பாட்டை எழுதி வாங்கினவங்க வீட்டை விட்டுட்டு, குடக்கூலிக்கு வந்தவங்க பேர்லயே பட்டா ஆயிருச்சு.

சரி, ஏன் இது அலுக்கவே மாட்டேங்குது? நான் கண்டுபிடிச்ச காரணம் ஒண்ணு இருக்கு. கண்டுபிடிச்சது ஸ்டுடியோவுல இல்லை, போன்ல.

எங்களுக்குக் கல்யாணமாகி நாலே மாசத்துல என்னை ஆன்சைட் அனுப்பிட்டாங்க. தங்கமணி கோயம்புத்தூர்ல ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில டிசைன் இன்ஜினியர். நான் மதுரைக்காரன். பெரியவங்க பார்த்து முடிச்ச கல்யாணம், ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிறதுக்குள்ள நடுவுல சமுத்திரம். எனக்கு ராத்திரி பத்து மணின்னா அவளுக்கு விடிஞ்சிருக்கும், கிளம்புற அவசரம். நான் "சாப்பிட்டியா?"ன்னு கேட்பேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. சரி பதில் சொல்ல இஷ்டமில்லை போலன்னு நான் அடுத்த கேள்வியை ஆரம்பிப்பேன். அப்பத்தான் அவளோட பழைய பதில் வந்து சேர்ந்து மோதும். "நீ சொல்லு." "இல்ல, நீங்க சொல்லுங்க." ரெண்டு பேரும் நிறுத்துவோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்ப ஆரம்பிப்போம். நெட்வொர்க் படிச்சவங்களுக்குத் தெரியும், பழைய எத்தர்நெட்ல இப்படி ரெண்டு செய்தி மோதிக்கிட்டா ஆளுக்கு ஒரு இஷ்டப்பட்ட நேரம் காத்திருந்து திரும்ப அனுப்பணும். அதைப் பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதினவன் நான். வீட்டுல செய்யத் தெரியலை.

சண்டை எல்லாம் இதுலதான் வந்துச்சு. விஷயத்துல வந்ததை விட, வார்த்தை மோதினதுல வந்ததுதான் அதிகம். போதாக்குறைக்கு பாஷை வேற. கல்யாணமான புதுசுல அவ "நாளைக்கு நோம்பிங்க, நேரமா வந்துருங்க"ன்னா. நான் மதுரைக்காரன் புத்தியில நோன்புன்னு நினைச்சுட்டேன். பட்டினி விரதத்துக்கு எதுக்கு இனிப்புன்னு வெறுங்கையோட மாமனார் வீட்டுக்குப் போய் நின்னேன். கொங்கு நாட்டுல நோம்பின்னா பண்டிகையாம். வீடு பூரா சொந்தக்காரங்க. அவ்வ்வ்வ்...

எல்லாவும் லூயியும் 1957-ல 'எல்லா அண்ட் லூயி அகெய்ன்'னு ரெண்டாவது ஆல்பம் போட்டாங்க. அதுல கெர்ஷ்வின் சகோதரர்கள் எழுதின பாட்டு ஒண்ணு, தக்காளியையும் உருளைக்கிழங்கையும் எப்படி உச்சரிக்கிறதுன்னு ஒரு ஜோடி சண்டை போட்டுக்கிட்டு, உறவையே முறிச்சுக்கலாமான்னு கேட்கிறது. நான் முதல்ல தங்கமணிக்கு அனுப்பினது அந்தப் பாட்டைத்தான். "நம்ம நோம்பிப் பாட்டுங்க இது"ன்னு பதில் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி முக்கால் மணி நேரம் மோதாமப் பேசினோம். கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் சாதனை.

அப்புறமாத்தான் நான் அந்தப் பாட்டுகளை வேற மாதிரி கேட்க ஆரம்பிச்சேன். பாடுற ஆளை விட்டுட்டு, பாடாம இருக்கிற ஆளைக் கேட்டேன். எல்லா ஒரு வரியைப் பாடி முடிச்சு மூச்சு எடுக்கிற இடத்துல லூயி ஒரு உறுமல் போடுவார். பக்கத்துல உட்கார்ந்து "ம்... அப்புறம்?"னு கேட்கிற மாதிரி. அவர் பாடும்போது அந்தம்மா வரிக்கு நடுவுல தலையே காட்டாம இருந்து, முடியிற இடத்துல மெல்ல ஒரு ஹம்மிங் வைப்பாங்க. கடைசியில சேர்ந்து பாடும்போது பெரும்பாலும் ஒருத்தர் மெட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் பக்கத்துல சும்மா முணுமுணுத்துக்கிட்டே வருவார். ரெண்டு பேரும் ஒரே மெட்டை ஒரே மாதிரி பாடுற இடம் ரொம்பக் கம்மி. குரலை ஒட்ட வைக்க முயற்சியே பண்ணலை. இந்தக் குரல் அந்தக் குரலோட ஒட்டாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஒட்டாமலே பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க.

இதுக்கு ஒரே அறையில ரெண்டு பேரும் இருந்தாகணும். நம்ம சினிமாவுலயும் ஒரு காலத்துல பாடகர், பாடகி, மொத்த வாத்தியக்காரங்க எல்லாரும் ஒண்ணா நின்னு ஒரே டேக்ல பாடின டூயட்டுகள்தான். தனித்தனி டிராக் வந்த பிறகு அவர் காலையில பாடிட்டுப் போவார், அந்தம்மா அடுத்த வாரம் வந்து பாடுவாங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கும், குறை சொல்லலை. ஆனா அவர் சிரிச்சதுக்கு இவங்க சிரிக்கிற மாதிரி ஒரு இடம் தானா வராது, திட்டம் போட்டு வைக்கணும். இதுல உச்சகட்டம் நாட் கிங் கோல். அவர் 1965-லயே காலமாயிட்டார். 1991-ல அவரோட மகள் நாட்டலி கோல் அப்பாவோட பழைய ரெக்கார்டுக்குள்ள தன் குரலைச் சேர்த்து டூயட்டா ஆக்கினாங்க. கிராமி எல்லாம் வாங்கினாங்க. கேட்டா எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனா அதுல மகள் அப்பாவைக் கேட்கிறாங்க, அப்பாவுக்கு மகளைக் கேட்க வழியில்லை. அந்த அடைப்பு அதனாலதான்னு நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் டினா வாஷிங்டன், புரூக் பெண்ட்டன் ஜோடி. 1960-ல இவங்க பாடின ஒரு பாட்டுல அவர் தப்பான இடத்துல உள்ள நுழைஞ்சிடுறார். அந்தம்மா பாட்டை நிறுத்தாமலே "இது என் இடமாச்சே"ங்கிற மாதிரி ஒரு அதட்டல் போடுறாங்க. அவரும் அசராம பதில் சொல்றார். வேற யாரா இருந்தாலும் திரும்ப எடுத்திருப்பாங்க. இவங்க அந்த டேக்கையே வெளியிட்டாங்க, பெரிய ஹிட். சுத்தமான ஜாஸ் இல்லைன்னு பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். எங்க வீட்டுல இப்ப ஒருத்தர் பேச்சுல ஒருத்தர் நுழைஞ்சா "புரூக் பெண்ட்டன்!"னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பெரும்பாலும் சொல்றது தங்கமணிதான்.

சரி, ரயிலுக்கு வருவோம். நாங்க போனது ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு. ஊர்ல கேட்டா கோயிலுக்குன்னு சொல்லிக்கிறது, உண்மையான காரணம் அங்க கீழ் தளத்துல இருக்கிற கேன்டீன் தோசை. நியூ ஜெர்சியிலேர்ந்து ரெண்டு ரயில் மாறி ரெண்டு மணி நேரம் பிரயாணம் பண்ணி தோசை சாப்பிடுறவங்களை நீங்க கிண்டல் பண்ணலாம். ஆனா சாப்பிட்டுட்டுப் பண்ணுங்க.

போற வழியில 'ஆல்பத்துல எல்லாப் பாட்டையும் யார் தேர்ந்தெடுத்தது தெரியுமா?'ன்னு நான் பீத்திக்க ஆரம்பிச்சேன். தயாரிப்பாளர் நார்மன் கிராண்ட்ஸ் சொல்லி வெச்சிருக்கிற விஷயம் அது. பாட்டுகளை லூயியே தேர்ந்தெடுக்கட்டும்னு எல்லா சொல்லிட்டாங்களாம். சுருதியும் அவரோட சுருதிதானாம். தனக்குப் பொருந்தாத இடத்துலயும் அவருக்குச் சௌகரியமான சுருதியிலேயே பாடினாங்களாம். அவங்களுக்கு அவர்மேல அவ்வளவு மரியாதை. குரலையே ஒரு வாத்தியமா வெச்சு அர்த்தமில்லாத சத்தங்களை அடுக்கிப் பாடுற ஸ்கேட்டை 1926-ல ஊர் பூராவும் பிரபலமாக்கினவர் அவர். அதை எடுத்து வானம் வரைக்கும் கொண்டு போனவங்க இவங்க. 1960-ல பெர்லின் கச்சேரியில 'மேக் தி நைஃப்' பாடும்போது வரி மறந்து போச்சு. மறந்துருச்சுன்னு பாட்டுக்குள்ளேயே சொல்லிட்டு, இட்டுக்கட்டிப் பாடி, நடுவுல லூயி குரல்லயே மிமிக்ரி பண்ணி அரங்கத்தை அதிர வெச்சாங்க. அதுக்கு கிராமி கிடைச்சுது. அவர் குரலை அவ்வளவு நுணுக்கமாக் கேட்டு மனசுல வெச்சிருந்திருக்காங்க.

நான் இதை எல்லாம் உற்சாகமாச் சொல்லிக்கிட்டே வந்தேன். தங்கமணி காதுலேர்ந்து இடது பக்கத்தைக் கழட்டினா.

"ஏனுங்க, அந்தம்மா அத்தனை பாட்டையும் அவரு சுருதிக்கா எறங்கிப் பாடுனாங்க?"

"ஆமா. மரியாதைதான்..."

"பாட்டு கத்துக்காதவங்களுக்கு அது சுளுவாத் தெரியும்" அப்படின்னா.

பாட்டு தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. நம்ம கர்நாடக சங்கீதத்துல ஆம்பளைங்க ஒரு கட்டை வாக்குல சுருதி வெச்சுப்பாங்க. பொம்பளைங்க அஞ்சு, அஞ்சரை. தங்கமணிக்கு அஞ்சரை. அஞ்சரைக் கட்டைக் குரலை ஒரு கட்டைக்கு இழுத்தா ரெண்டே வழிதான். கீழ பாடினா மந்தர ஸ்தாயில பாதிக்கு மேல சத்தம் வராது, காத்துதான் வரும். மேல பாடினா கொஞ்ச நேரத்துல கத்துற மாதிரி ஆயிரும். எங்க கல்யாண நலங்குல என்னையும் பாடச் சொல்லிப் படுத்தினாங்க. நான் எங்க ஆரம்பிச்சேனோ (ஒரு கட்டை கூட இருக்காது, முக்கால்!) அங்கேயே அவளும் பாட வேண்டியதாப் போச்சு. வீடியோவுல இருக்கு. என் குரல் நல்லாக் கேட்குது. அவ வாய் மட்டும் அசையுது. வருசா வருசம் கல்யாண நாள்ல அதைப் போட்டுச் சிரிப்போம்.

அன்னிக்கு ரயில்ல சிரிப்பு வரலை. ஏன்னா அவ ஆல்பத்தைப் பத்திப் பேசலைன்னு எனக்குத் தெரியும்.

ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி அவ பம்பு கம்பெனி வேலையை விட்டுட்டு என்கூட இருக்க இங்க வந்தா. எச்-4 விசா. கணவரோட கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டம் தாண்டினாத்தான் அதுல வேலை பார்க்க அனுமதி கேட்கலாம். எனக்கு அந்தக் கட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. காலையில நான் ஆணி புடுங்கக் கிளம்பினா சாயங்காலம் வரைக்கும் அவளும் நாலு சுவரும். முதல் ஆறு மாசம் எல்லா ரெசிபியும் செஞ்சு பார்த்தா. அப்புறம் பழைய கம்பெனி நண்பர்கள் அனுப்புற படங்களை, ஒரு பம்போட இம்பெல்லர் வளைவு ஏன் தப்புன்னு, சும்மாவே சரிபார்த்துக் கொடுக்க ஆரம்பிச்சா. எனக்கு அது பொழுதுபோக்குன்னு பட்டுச்சு. கேட்டா "பொழுது போகுதுங்க"ன்னுதான் சொல்லுவா. நான் என் பங்குக்கு "நல்லாப் போகுதே"ன்னு சந்தோசப்பட்டுக்கிட்டேன். வீடியோவுல வாய் அசையுறதைப் பார்த்துட்டு, பாடுறான்னு நினைச்ச கதைதான்.

தோசை நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் அதிகமாப் பேசலை.

திரும்பும்போது அவளே "அந்த லூயி வீடு இந்த ரயில் வழியிலதான இருக்குன்னீங்க, பார்த்துட்டே போயிரலாம்"னா. 103-ஆம் தெரு, கொரோனா பிளாசா ஸ்டேஷன். (ஊர் பேரே அதுதான். வியாதிக்கு முன்னாடியே வெச்சது.) இறங்கினா ஸ்பானிஷ் பேசுற தள்ளுவண்டிக்காரங்க, மாங்கா பத்தையில மிளகாப்பொடி தூவி விக்கிறாங்க. அப்படியே மெரினா. ஒரு கப் வாங்கித் தின்னுக்கிட்டே நடந்தோம். 107-ஆம் தெருவுல வரிசை வீடுகளுக்கு நடுவுல செங்கல் வெச்ச ஒரு சாதாரண வீடு. உலகத்துல பாதி ஊர்ல கச்சேரி பண்ணின மனுசன், 1943-லேர்ந்து 1971-ல கண்ணை மூடுற வரைக்கும் இருந்தது இங்கதான். 2003-லேர்ந்து மியூசியமா இருக்கு. குழு குழுவாக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுறாங்க.

வீட்டை நான் விவரிச்சா இடம் போதாது. குளியலறை பூரா கண்ணாடி. சமையலறை மேலேர்ந்து கீழ வரைக்கும் மயில் கழுத்து நீலம். மாடியில அவரோட அறையில டேப் ரெக்கார்டர்கள். வீட்டுப் பேச்சு, நண்பர்கள் அரட்டை, ரேடியோ எல்லாத்தையும் பதிவு பண்ணி வைக்கிற பழக்கம் அவருக்கு. 650 வாக்குல டேப் இருக்கு, டப்பா அட்டைகள்ல பேப்பர் படங்களை வெட்டி அவரே ஒட்டியிருக்கார். சுவர்ல பாடகர் டோனி பென்னட் வரைஞ்ச அவரோட படம். நம்மளைக் கூட்டிட்டுப் போறவங்க நடுநடுவுல அந்த டேப்லேர்ந்து கொஞ்சம் போட்டுக் காட்டுறாங்க. அவர் உட்கார்ந்திருந்த அறையில நின்னு அந்தச் சரளைக்கல் குரல் சாதாரணமாப் பேசுறதைக் கேட்கிறது... சொல்லத் தெரியலை. இதே குயின்ஸ்லதான் எல்லாவும் கொஞ்ச காலம் இருந்தாங்க, செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம்.

ஆனா தங்கமணி கேட்டுக்கிட்டு நின்னது வேற ஒரு கதையை. இந்த வீட்டை வாங்கினது லூயி இல்லையாம். மனைவி லூசில். காட்டன் கிளப்ல நடனக்காரியா இருந்தவங்க. வருசத்துல பெரும்பாலான நாள் ஊர் ஊராக் கச்சேரி, ஓட்டல் ரூம்தான் வீடுன்னு அலைஞ்சுக்கிட்டிருந்த மனுசனுக்கு, அவர் பார்க்கக்கூட இல்லாம, அவங்களே இந்த வீட்டை வாங்கிட்டாங்க. கச்சேரிப் பயணம் முடிஞ்சு வந்தவர் விலாசத்தை டாக்ஸிக்காரர்கிட்ட கொடுத்து வந்து இறங்கியிருக்கார். இதுதான் நம்ம வீடான்னு நம்பிக்கை வராம, டாக்ஸியைப் போகாம நிக்கச் சொல்லிட்டுத்தான் கதவைத் தட்டினாராம். அப்புறம் காசு எவ்வளவு வந்தாலும் வேற பெரிய வீட்டுக்கு மாறவே இல்லை.

நீல சமையலறையில நின்னுக்கிட்டுத் தங்கமணி கேட்டா: "இது அவங்க சுருதிங்களா?"

கூட வந்த ஜப்பான் தம்பதிக்கு நாங்க எதுக்குச் சிரிக்கிறோம்னு புரிஞ்சிருக்காது. எனக்குமே முழுசாச் சிரிப்பு வரலை.

ரயில்ல உட்கார்ந்ததும் சொன்னா. பழைய கம்பெனியில கூப்பிட்டிருக்காங்களாம். சீனியர் டிசைனர், தனக்குக் கீழ மூணு பேர். மூணு வாரமா மெயில் வந்து கிடக்கு. எனக்குச் சொல்ல நேரம் பார்த்துக்கிட்டிருந்தாளாம். நான் எப்ப நிறுத்துவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு வாய் வரைக்கும் என்னென்னமோ வந்துச்சு: இப்பத்தான லீஸ் புதுப்பிச்சோம், இன்னும் ரெண்டே வருசம்தான, எங்கம்மா என்ன சொல்லுவாங்க... 74-ஆம் தெரு ஸ்டேஷன் வந்துச்சு, போச்சு. குயின்ஸ்பரோ பிளாசா வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. அவ பேசி முடிக்கட்டும்னு இருந்தேன். முடிச்சுட்டான்னு நினைச்ச இடத்துக்கு அப்புறமும் கொஞ்சம் இருந்துச்சு. மாமனாருக்கு முட்டி வலி, ராத்திரி தூக்கம் இல்லாதது, நான் ஆபீஸ் போன பிறகு பாத்ரூம்ல அஞ்சரைக் கட்டைக்குப் பாடிப் பார்த்தா குரல் ஏற மாட்டேங்கிறது. இதெல்லாம் அந்த ரயில் ஆற்றுக்கு அடியில போற வரைக்கும் எனக்குத் தெரியாது மக்களே.

திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட இந்தியாவுக்கே மாத்திக் கேட்டிருக்கேன். ப்ராஜெக்ட் நடுவுல இருக்கு, ஆறு மாசமாவது ஆகும்னு சொல்லியிருக்கார். கோயம்புத்தூர்ல எங்களுக்கு ஆபீஸ் இருக்கா, சென்னைக்குத்தான் போகணுமா, சம்பளம் எவ்வளவு வெட்டுவாங்க, ஒண்ணும் தெரியலை. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. இதைப் படிக்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு ஒரு வாரம் பொறுங்க.

தங்கமணி அடுத்த மாசம் முதல் வாரம் கிளம்புறா. பெட்டி இப்பவே ஹால்ல திறந்து கிடக்கு. நேத்து அந்த வயர் இயர்போனையும் உள்ள வெச்சிருந்தா. அதுல இடது பக்கம் கொஞ்ச நாளாச் சரியாக் கேட்கிறதில்லை, புதுசு வாங்கித் தர்றேன்னேன்.

"வேண்டாமுங்க, மோனோதானுங்களே" அப்படின்னா.